ஏழு வரி நோட்டும் அறுபத்தொரு நாளும்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 34. காசிமேட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை பத்துக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் விடுவார்கள். மகள் ஏழாவது, மகன் நான்காவது. நான் பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன்.

ஆறு வருடமாக ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் ஒரு நோட்டில் அந்த வருடத்து இலக்குகளை எழுதுகிறேன். இந்த வருடம் ஏழு: அதிகாலை நான்கரைக்கு எழுந்து குரூப் 4க்குப் படிப்பது, மாதம் ஐயாயிரம் சேமிப்பது, அடகில் இருக்கும் மூன்று பவுன் சங்கிலியை மீட்பது, நடந்து பத்துக் கிலோ குறைப்பது (சர்க்கரை பார்டரில் இருக்கிறதாம்), பிள்ளைகளிடம் கத்தாமல் இருப்பது, செல்போனைக் குறைப்பது, இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்வது. படிப்பு பதினோரு நாள் ஓடியது, நடை ஒன்பது நாள். பொங்கலுக்கு அப்புறம் நோட்டைத் திறக்கவே இல்லை. "ஆரம்ப சூரத்தனம்" என்று மாமியார் சிரிக்கிறார். என் அண்ணன் மகள் பாஸ் பண்ணி வேலைக்கே போய்விட்டாள். எனக்கு மட்டும் மன உறுதி இல்லையா? ஐந்து வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுங்கள். அப்படியே செய்கிறேன்.

பெயர் வேண்டாம், காசிமேடு.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கையில் பேனாவை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒன்பதுக்குக் கடையை விட்டு, வீடு வந்து, சாப்பாட்டு வேலை முடித்து, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் எடுத்து வைத்துப் படுக்கும்போது எப்படியும் பதினொன்றரை ஆகும். அலாரம் நான்கரைக்கு. ஆக ஐந்து மணி நேரத் தூக்கம். அதற்கு மேல் பதினோரு மணி நேரம் கால் கடுக்க நிற்கும் வேலை. இதைப் பதினோரு நாள் தாக்குப்பிடித்த ஒருவரிடம் மன உறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்கள் முதல் இலக்கு ஐந்தாவது இலக்கைத் தின்றுகொண்டிருக்கிறது. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்த அம்மா, காலை ஏழரைக்குக் காணாமல் போன ஒரு சாக்ஸுக்காகக் கத்தத்தான் செய்வார். கத்திய குற்ற உணர்ச்சியில் இரவு செல்போனை எடுத்துக்கொண்டு படுத்தால் ஆறாவது இலக்கும் காலி. நோட்டில் ஏழு வரியாக இருப்பது வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிய வலை. ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று இறுகும்.

அப்புறம் அந்த ஜனவரி ஒன்று. கடைக்காரர்கள் பொங்கலுக்குப் புதுச் சரக்கு இறக்கி, கூட்டம் நெரியும் இரண்டு வாரம் அது. வருடத்தில் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்களில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அதில் ஏழு புதுப் பழக்கங்களை ஆரம்பித்திருக்கிறீர்கள், அதுவும் ஆறு வருடமாக. மாதச் சம்பளமும் ஞாயிறு விடுமுறையும் உள்ள யாருக்கோ தைத்த சட்டை அது. உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் உடம்பைக் குறை சொல்லக் கூடாது.

உங்கள் வருடம் எப்படி இருக்கிறது என்று நானே எழுதிப் பார்த்தேன். பொங்கல் முடிந்து ஏப்ரல் பாதி வரை கடையில் கொஞ்சம் நிதானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், வீட்டுக்காரர் வீட்டில், வருமானம் இல்லை. ஜூன் 15க்குப் படகு இறங்கும். முதல் பங்கு கைக்கு வரும் அதே நேரத்தில் பள்ளிக்கூடச் செலவும் வந்து நிற்கும். ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி, கடையில் உட்கார நேரம் இருக்காது. ஆவணி, புரட்டாசி கொஞ்சம் பரவாயில்லை. பிறகு தீபாவளிக் கூட்டம். அதையொட்டியே வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் படகு போகாது, பங்கும் கிடையாது. டிசம்பரில் மறுபடி கிறிஸ்துமஸ், பொங்கல் வியாபாரம். இதில் வருடம் முழுக்க ஒரே மாதிரி போகிறதா? பன்னிரண்டு மாதமும் மாதம் ஐயாயிரம் என்று எழுதினால் அது எப்படி நிற்கும்?

நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் முன்பு 45 நாளாக இருந்தது. 2017இல்தான் 61 நாள் ஆனது. இந்த 61 நாளும் படகு சும்மா நிற்கிறதே, நாம் தோற்றுவிட்டோமே என்று துறைமுகத்தில் யாராவது தலையில் கை வைத்து உட்கார்கிறார்களா? தடை வரும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். வந்ததும் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இஞ்சினைப் பிரித்துப் போட்டு, வலை பின்னுவார்கள். நின்றுபோகும் நாளும் தொழிலின் கணக்கில் சேர்த்திதான். உங்கள் நோட்டில் அந்த நின்றுபோகும் நாளுக்கு ஒரு வரிகூட இல்லை. நான் உங்களிடம் சொல்ல நினைப்பது முக்கியமாக இது ஒன்றுதான்.

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அதன் வேர் 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதில் இருக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக குறைந்தது இருபத்தொரு நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மூக்கும் நடைப்பயிற்சியும் ஒன்றாகிவிட்டன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. தினமும் ஒரே நேரத்தில் ஒரு சின்னச் செயல், அதாவது சாப்பாட்டோடு ஒரு பழம் அல்லது கொஞ்சம் நடை. அது யோசிக்காமலே வருகிற நிலைக்குப் போக நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அந்த 66 நாள் ஏறக்குறைய ஒரு தடைக்காலம் முழுக்க. ஒன்பதாம் நாளில் நடை நின்றதற்கு நீங்கள் வருத்தப்பட்டது, நாற்று நட்ட மறுவாரம் நெல்லைத் தேடிய மாதிரி.

அதே ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை. ஒரு நாள் விடுவதால் எதுவும் கெட்டுவிடாது, அதற்கு அடுத்த நாள் நாம் செய்வதால்தான் கெடுகிறது. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இருவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். ஏற்கெனவே குடித்தவர் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? மில்க் ஷேக் குடிக்காதவரைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். "அதான் கெட்டுப்போச்சே, இனி என்ன" என்கிற மனசு. பொங்கலுக்கு அப்புறம் நீங்கள் நோட்டைத் திறக்காததும் இந்த மனசால்தான். எனக்கும் இது உண்டு. வாங்கிப் பரணில் போட்ட நடைப்பயிற்சி ஷூ ஒரு ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள்.

சரி, நோட்டுக்கு வருவோம். ஐந்து வருடத் திட்டம் நான் போட்டுத் தரப்போவதில்லை. நான் போட்டால் அது என் திட்டம். இரண்டாம் மாதம் அது உடையும்போது "மேடம் சொன்னது சரிவரவில்லை" என்று முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு வருடத்தை, அதன் மேடுபள்ளத்தோடு, சேர்ந்து பார்ப்போம்.

இங்கிலீஷை அடித்துவிடுங்கள். தேவை வரும்போது திரும்பவும் எழுதலாம். செல்போன், கத்துவது இரண்டையும் இப்போதைக்கு மூடி வைக்கலாம். தூக்கம் ஆறரை மணி நேரம் ஆனால் இரண்டும் தானே எவ்வளவு குறைகிறது என்று முதலில் பார்க்கலாம். நான்கரை அலாரத்தை இன்றே எடுத்துவிடுங்கள். இது நான் கண்டிப்பாகச் சொல்வது.

முதலில் சங்கிலி. ஏன் என்றால் ஏழில் அது ஒன்றுதான் நீங்கள் சும்மா இருந்தாலும் மாதாமாதம் வளர்கிற பிரச்சினை. வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் ஒரு நாள் நகை மூழ்கிவிடும். மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பங்கோடு கரைக்கு வரும் அன்றுதான் உங்கள் சம்பள நாள். அன்றே, வேறு எதற்கும் எடுப்பதற்கு முன்னால், பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். பங்கு நன்றாக வந்தால் அதிகம் சேரும், கடலுக்குப் போய் ஒன்றும் வராத தடவைக்கு ஒன்றும் சேராது. இரண்டும் சரிதான், திட்டம் உடையவில்லை. அது ஒரு தொகையாகச் சேர்ந்ததும் அசலில் கட்டுங்கள். அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று அடகு வைத்த இடத்தில் வாய்விட்டுக் கேளுங்கள், நிறையப் பேர் கேட்பதே இல்லை. தண்டலுக்குக் கடன் வாங்கி அடகை மீட்கும் யோசனையை யாராவது சொன்னால் அவரோடு பேச்சையே மாற்றிவிடுங்கள்.

நீங்கள் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரா என்று எழுதவில்லை. இல்லையென்றால் விசாரியுங்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் தவணையாகக் கட்டும் 1,500 ரூபாயோடு அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் தனி. அந்த இரண்டு மாதத்துக்கு எவ்வளவு வரும், எவ்வளவு குறையும் என்று ஏப்ரலுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பாருங்கள். தடைக்காலத்தில் சங்கிலிக்கு ஒரு ரூபாய்கூட சேராது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அப்போது மே மாதம் உங்களைக் குற்றம் சொல்லாது.

அடுத்து நடை. பதினோரு மணி நேரம் நின்றவரை அதிகாலையில் எழுப்பிப் பூங்காவுக்கு அனுப்பினால் ஒன்பது நாள் போனதே அதிசயம். நீங்கள் ஷேர் ஆட்டோவில்தான் கடைக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் கல்மண்டபத்தில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கடை வரை கொஞ்சம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய கால் மணி நேரம். வாரம் ஆறு நாள் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அதில் பாதிக்கு மேல் தனியாக நேரம் ஒதுக்காமலே வந்துவிடும். பத்துக் கிலோ என்ற எண்ணை மறந்துவிடுங்கள். 'பார்டர்' என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு பயப்படாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது 5.7இலிருந்து 6.4 வரை இருந்தால்தான் நீங்கள் சொல்லும் பார்டர். எண் தெரிந்தால் பயம் வேலையாக மாறும்.

கல்மண்டபத்தை ஏன் இவ்வளவு குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், என் அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர். மில் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பு. 1996இல் மில் மூடிய பிறகும் பல வருடம் அதே நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சங்கும் இல்லை, ஷிப்டும் இல்லை. சிறு வயதில் எனக்கு அது துக்கமாக மட்டுமே தெரிந்தது. உளவியல் படித்த பிறகுதான் ஒரு செயலை ஒரு நேரத்தோடோ ஒரு இடத்தோடோ முடிச்சுப் போட்டால் அது எவ்வளவு ஆழமாகப் போகும் என்று புரிந்தது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த முடிச்சைத்தான் ஆராய்ந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே தீர்மானித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முடித்தார்கள். அப்படித் தீர்மானிக்காதவர்களில் முடித்தது மூன்றில் ஒரு பங்கு. பண்டிகை நாளில்கூட. எனவே "நடக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "ஆட்டோ கல்மண்டபம் வந்தால் இறங்குவேன்" என்று எழுதுங்கள். அதன் கீழேயே இன்னொன்று: "மழையாலோ உடம்பாலோ ஒரு நாள் விட்டால், மறுநாள் இறங்குவேன், சேர்த்து நடக்க மாட்டேன்." விட்டதை ஈடுகட்ட நினைப்பதில்தான் மூன்றாம் நாள் கால் வலி வந்து எல்லாம் நிற்கும்.

குரூப் 4 பற்றி ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களுக்கு அரசு வேலை வேண்டுமா, அந்தக் கடையிலிருந்து வெளியே வர வேண்டுமா, அண்ணன் மகளுக்குச் சமமாக உட்கார வேண்டுமா? மூன்றும் தப்பில்லை, ஆனால் மூன்றும் வேறு வேறு. கடையிலிருந்து வெளியே வருவதுதான் என்றால் அதற்கு வேறு கதவுகளும் உண்டு. வேலைதான் வேண்டும் என்றால் முதலில் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில் உங்கள் பிரிவுக்கும் படிப்புக்கும் உள்ள வயது வரம்பைப் பார்த்துவிடுங்கள்.

படிப்பதை ஏப்ரல் 15க்கு ஆரம்பியுங்கள். வீட்டுக்காரர் கரையில் இருக்கும் காலம். இரவுச் சாப்பாட்டு வேலையைத் தடைக்காலம் முழுக்க அவர் பார்த்துக்கொள்ளட்டும். படகில் பத்து நாள் தங்கலில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குக் கரையில் சமைக்கத் தெரியாமல் போகாது. கடை விட்டு வந்ததும் மகள் பக்கத்தில் உட்காருங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண் உள்ள அந்தத் தேர்வில் 100 கேள்வி தமிழ். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதற்கு அடிப்படை ஆறாவதிலிருந்து பத்தாவது வரையுள்ள பள்ளிக்கூடப் புத்தகங்கள். ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, மகளின் ஏழாம் வகுப்புத் தமிழ். "இந்த வருடம் பாஸ் பண்ணுவேன்" என்று எழுத வேண்டாம். புதிதாகக் கற்கும் கடினமான வேலையில், மதிப்பெண்ணைக் குறிவைப்பவரைவிட எதைக் கற்பேன் என்று குறிவைப்பவர் நன்றாகச் செய்கிறார் என்று இலக்குகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஜூன் 14க்குள் ஏழாம் வகுப்புத் தமிழ் முடிய வேண்டும், அவ்வளவு. ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் படிப்புக்கு உங்கள் சொந்தத் தடைக்காலம் போட்டுவிடுங்கள். நோட்டில் தேதியோடு எழுதுங்கள், எந்தத் தேதியில் திரும்ப இறங்குவேன் என்பதையும் சேர்த்து.

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஸ்டூல் இருக்கிறதா, இருந்தும் உட்கார விடுவதில்லையா என்று எனக்குத் தெரியாது. நாலு பேராகச் சேர்ந்து கேட்டால் ஒருவராகக் கேட்பதைவிட நல்லது. எல்லா மாற்றத்தையும் நாமே நம் உடம்பிலிருந்து பிழிந்து எடுக்க வேண்டியதில்லை.

மாமியாரிடம் புதுத் திட்டத்தைச் சொல்ல வேண்டாம். ஒளிக்கவும் வேண்டாம். கேட்டால் "கல்மண்டபத்தில் இறங்குகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

தூக்கம் சரியான பிறகும் எதிலும் பிடிப்பே இல்லாமல், காலையில் எழவே மனசு வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது இலக்கு விஷயம் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்து தமிழில் பேசலாம்.

நோட்டில் கடைசிப் பக்கத்தை எனக்காக ஒதுக்கி வையுங்கள். செய்த நாளை எழுத வேண்டாம். விட்ட நாளை மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் திரும்ப ஆரம்பித்த தேதி. படகு இறங்கி முதல் பங்கு வந்த பிறகு, ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எத்தனை நாள் விட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. விட்டதற்கும் திரும்பியதற்கும் நடுவில் எத்தனை நாள் என்றுதான் பார்ப்பேன்.